இழுத்தால் குளிரும் இரும்பு

சென்னையில் ஒரு கட்டட வேலைக்கு லாரியில் வந்து இறங்கும் கம்பி, அப்படியே கான்கிரீட்டுக்குள் போய்விடக் கூடாது. வந்த சரக்கிலிருந்து சில துண்டுகளை வெட்டி, அடையாளச் சீட்டுக் கட்டி, சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். தி.நகரில் பனகல் பூங்காவுக்கு அடியிலும் மயிலாப்பூரில் திருமயிலையிலும் அமையும் மெட்ரோ நிலையங்களுக்கு இது எவ்வளவு அவசியமோ, அடையாற்றில் நாலே வீடுகள் கொண்ட ஒரு சிறிய அடுக்ககத்துக்கும் அவ்வளவு அவசியம்.

கூடத்தில் அந்தத் துண்டை யு.டி.எம். என்ற சோதனை இயந்திரத்தின் இரண்டு தாடைகளுக்கு நடுவே பிடிக்கவைத்து, முறியும்வரை இழுக்கிறார்கள். 12 மில்லிமீட்டர் கம்பியின் குறுக்குப் பரப்பு 113 சதுர மில்லிமீட்டர். 'எஃப்.இ. 500 டி' என்று முத்திரை குத்திய கம்பி, சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் தகைவு ஏறும்வரை குறிப்பிடும்படி நிரந்தரமாக நீளக் கூடாது. அதாவது, விரல் கனமே உள்ள அந்தக் கம்பி ஏறக்குறைய ஐந்தே முக்கால் டன் எடையைத் தாங்கிவிட்டு, எடையை இறக்கியதும் கிட்டத்தட்ட பழைய நீளத்துக்குத் திரும்பியாக வேண்டும். பிறகு சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 565 நியூட்டன்வரை தாங்கி, 16 சதவீதமாவது நீண்டு, அதன் பின்னரே முறிய வேண்டும். ஐ.எஸ். 1786 என்ற இந்தியத் தரம் கேட்பது இந்த எண்களை. அறிக்கையிலும் இவைதான் வரும்.

இழுத்த அந்தச் சில நிமிடங்களில் கம்பியின் வெப்பநிலை என்ன ஆயிற்று என்பதை அறிக்கை சொல்வதில்லை. தரமும் அதைக் கேட்பதில்லை. முறிந்த துண்டை உடனே எடுத்து, முறிவிடத்தில் கை வைத்த மாணவருக்கு அது சுடும் என்பது தெரியும். சுடுவதற்கு முன்னால் அதே கம்பி குளிர்ந்திருந்தது என்பதை அறிந்தவர்கள் பொறியியல் படித்தவர்களிலேயே குறைவு. ஒரே இழுப்பில் முதலில் குளிர்ச்சி, பிறகு சூடு. இந்த இரண்டுக்கும் காரணங்கள் வேறு வேறு. ஒன்று இன்னொன்றாக மாறும் இடம்தான் அந்தக் கம்பியைப் பற்றி நாம் அறிய வேண்டிய மிக முக்கியமான இடம் என்பது என் கருத்து.

குளிர்ச்சியிலிருந்து தொடங்குவோம். இழுத்துவிட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பும் எல்லைக்குள், அதாவது மீட்சி எல்லைக்குள், இழுக்கப்படும் எஃகு குளிர்கிறது. எவ்வளவு என்று கணக்கிடுவது கடினமில்லை. உலோகத்தின் வெப்ப விரிவெண், அதன் தனி வெப்பநிலை, ஏற்றிய தகைவு ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். ஒரு கன மீட்டர் உலோகத்தை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தால் அதை வகுக்க வேண்டும். சென்னையில் 30 டிகிரி செல்சியஸ் என்றால் 303 கெல்வின். எஃகின் விரிவெண் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு. ஒரு கன மீட்டர் எஃகை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 36 லட்சம் ஜூல் வேண்டும். இவற்றைப் போட்டுப் பார்த்தால், சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன் தகைவுக்கு ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு குளிர்ச்சி வருகிறது. இவ்வளவு எளிதில் நினைவில் நிற்கும் எண் இயற்பியலில் அபூர்வம். சாதாரண மென் எஃகு 250 நியூட்டனில் கால் டிகிரி குளிரும். நம் 500 கம்பி அரை டிகிரி குளிரும். அலுமினியம் அதே தகைவுக்கு எஃகைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு குளிரும். மெட்ரோ ரயிலின் மேம்பாலக் கான்கிரீட்டுக்குள் முன்கூட்டியே இழுத்துக் கட்டும் ஏழு பிரி எஃகு வடங்களை 1,400 நியூட்டன் அளவுக்கு இழுக்கிறார்கள். இழுப்பு வேகமாக நடந்தால் அந்த வடம் கிட்டத்தட்ட ஒன்றரை டிகிரி குளிர வேண்டும்.

அரை டிகிரி கைக்குத் தெரியாது. ஆனாலும் அது உடனே காற்றில் கரைந்துவிடும் அளவுக்கு நிலையற்றதும் இல்லை. 12 மில்லிமீட்டர் கம்பி, சுற்றியுள்ள காற்றோடு வெப்பத்தைச் சமன்செய்துகொள்ளப் பல நிமிடங்கள் ஆகும். தாடைகள் வழியாக வெப்பம் ஊடுருவி நடுப்பகுதிக்கு வந்து சேரவும் சில நிமிடங்கள் பிடிக்கும். சோதனையில் மீட்சிப் பகுதி ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே அந்தக் குளிர்ச்சி அங்கேயே இருக்கிறது, யாராவது அளந்தால் கிடைக்கும்.

மெல்லிய கம்பியில் நிலைமை வேறு. முதல் தடயம் கிடைத்தது அங்கேதான், அதுவும் இசைக் கம்பியைப் போல் அதிரும் ஒரு கம்பியில். 1830இல் ஜெர்மன் இயற்பியலாளர் வில்ஹெல்ம் வெபர், அதிர்கிற உலோகக் கம்பியின் இழுவிசையைத் திடீரென மாற்றினால் அதன் சுருதி என்ன ஆகிறது என்று கவனித்தார். விசை மாறிய கணத்தில் சுருதியும் புதிய இடத்தில் போய் நிற்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. சுருதி அப்படி நிற்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துபோய் நின்றது. திடீர் இழுப்பில் கம்பியின் வெப்பநிலை மாறியிருக்க வேண்டும், அது மீண்டும் அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை சுருதி நகர்கிறது என்று வெபர் சரியாக ஊகித்தார். தெர்மாமீட்டர் வைக்க முடியாத ஒரு கம்பியின் வெப்பநிலையை அதன் ஒலியிலிருந்து அறிந்த இந்த நுட்பம் எனக்கு இன்றும் வியப்பு.

மயிலாப்பூரில் வீணைக்குச் சுருதி சேர்க்கும் ஒவ்வொரு வீட்டிலும் இது நடக்கிறது. பிருடையைத் திருகி எஃகுத் தந்தியின் தகைவை 100 நியூட்டன் கூட்டினால், தந்தி பத்தில் ஒரு டிகிரி குளிர்கிறது. மெல்லிய தந்தி என்பதால் சில விநாடிகளில் அறையின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு பழையபடி ஆகிவிடுகிறது. அப்போது அது மிக நுண்ணிய அளவில் விரிவதால், கூட்டிய தகைவில் ஆயிரத்தில் இரண்டரைப் பங்கு குறையும். அதனால் விளையும் சுருதி மாற்றம் ஒரு சுரத்தானத்தில் சில நூறில் ஒரு பங்குதான். எவ்வளவு தேர்ந்த காதுக்கும் அது எட்டாது. வாசிப்பவர் சேர்த்த சுருதி சற்று நேரத்தில் இறங்குவதற்குத் தந்தி பிருடையில் அமர்வதும், புதுத் தந்தி நிரந்தரமாக நீள்வதும், மரம் ஈரத்துக்கு இசைவதும் பெரிய காரணங்கள். குளிரூட்டிய சபாவுக்குள் நுழைந்ததும் சுருதி ஏறுவது காதுக்கே தெரியும். அங்கே வெளிக் குளிர்ச்சி தந்தியைச் சுருக்குகிறது. வெபர் கண்டது அதன் மறுபக்கம்: தந்தியை நீட்டியதால் பிறக்கும் குளிர்ச்சி.

ஏன் குளிர வேண்டும்? 1850களில் கிளாஸ்கோவில் வில்லியம் தாம்சன், பின்னாளின் கெல்வின் பிரபு, வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியிலிருந்து இதற்கு விடை வருவித்தார். சூடாக்கினால் நீளும் எந்தப் பொருளையும் மீட்சி எல்லைக்குள் இழுத்து நீட்டினால் அது குளிர்ந்தே ஆக வேண்டும். சூடாக்கினால் சுருங்கும் பொருள் என்றால் இழுக்கும்போது சூடாக வேண்டும். மேலே நாம் போட்ட கணக்கு அவருடைய சூத்திரம்தான். அணுக்களின் அளவில் பார்த்தால் இப்படி: உலோகத்தில் அணுக்கள் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. இழுக்கும்போது அவற்றின் இடைவெளி கூடுகிறது, பிணைப்பு சற்றுத் தளர்கிறது, அதிர்வின் வேகம் குறைகிறது. வெளியிலிருந்து வெப்பம் வர நேரமில்லாத நிலையில், மெதுவான அந்த அதிர்வே குறைந்த வெப்பநிலை.

தாம்சனின் நண்பர் ஜேம்ஸ் ஜூல், மெல்லிய தெர்மோகப்பிள்களைக் கொண்டு இரும்பு முதலிய உலோகங்களிலும் பிற திடப்பொருள்களிலும் இதை அளந்து 1859இல் வெளியிட்டார். அளவீடு கோட்பாட்டோடு ஒத்துப்போனது. ரப்பரோ எதிர்த்திசையில் சூடானது. எடை தொங்கவிட்டு இழுத்த ரப்பரைச் சூடாக்கினால் அது சுருங்கும் என்பதால், அதுவும் தாம்சன் சொன்னபடியே. ரப்பரின் இந்தக் குணத்தை 1805லேயே சொன்னவர் இங்கிலாந்தின் கெண்டல் ஊரைச் சேர்ந்த ஜான் காஃப். பார்வையற்றவரான அவர், ரப்பர்த் துண்டை உதட்டில் ஒட்டியபடி இழுத்து, சூடாவதை உணர்ந்தார். ஒரு அகலமான ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்தால் நீங்களும் இப்போதே உணரலாம். இன்வார் என்ற இரும்பு நிக்கல் கலவை அறை வெப்பநிலையில் ஏறக்குறைய விரிவதே இல்லை. அதை இழுத்தால் குளிர்ச்சியும் ஏறக்குறைய இல்லை. ஒரு பொருளின் விரிவைத் தெரிந்தவர், அதை இழுக்காமலேயே அதன் குளிர்ச்சியைச் சொல்லிவிடலாம்.

இனி சூடு. கம்பி கட்டுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் கட்டுக்கம்பியில் ஒரு முழம் வாங்கி, ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வேகமாக மடக்குங்கள். முறிவதற்குள் மடிப்பு விரலைச் சுடும். இங்கே கம்பி மீட்சி எல்லையைத் தாண்டிவிட்டது. உலோகப் படிகத்தில் அணுக்களின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுகின்றன. ஓர் அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் நழுவுவதில்லை. அடுக்கில் உள்ள கோடு போன்ற ஒரு குறைபாடு படிகத்தின் ஊடாக ஓடுகிறது, அது ஓடிய வழியில் நழுவல் நடந்து முடிகிறது. இடப்பெயர்வு என்று பெயர்பெற்ற இந்தக் குறைபாட்டை 1934இல் ஜி.ஐ. டெய்லர், ஈகோன் ஓரோவான், மைக்கேல் போலான்யி மூவரும் தனித்தனியே முன்மொழிந்தார்கள். இடப்பெயர்வு ஓடும்போது பக்கத்து அணுக்களை உலுக்கிவிட்டு ஓடுகிறது. அந்த உலுக்கல்தான் வெப்பம்.

டெய்லர் இதைக் கோட்பாடாகச் சொன்னதோடு நிற்கவில்லை. 1925இல் ஃபேரனோடும், 1934இல் குவின்னியோடும் சேர்ந்து, உலோகத்தை நிரந்தரமாக உருமாற்றச் செலவழிக்கும் வேலையில் எவ்வளவு வெப்பமாகிறது என்று அளந்தார். கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு வெப்பமாகிறது. மீதி ஒரு பங்கு உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது, சிக்கிக்கொண்ட இடப்பெயர்வுகளின் வடிவத்தில். தங்கக் கம்பியைச் சிறிய துளைகள் வழியே இழுத்து மெலிதாக்கும் பத்தருக்கு இந்த மீதியோடு தினமும் வேலை. சில துளைகள் தாண்டியதும் கம்பி விறைத்துவிடும், மேலும் இழுத்தால் அறும். அவர் அதை நெருப்பில் காட்டிப் பதம் செய்கிறார். உள்ளே அடைந்திருந்த ஆற்றல் வெளியேறி, சிக்கல்கள் கலைந்து, கம்பி மறுபடி இளகுகிறது. தி.நகர் உஸ்மான் சாலைக் கடைகளில் தொங்கும் சங்கிலிகளின் ஒவ்வொரு வளையமும், கம்பி இழுத்துச் செய்ததென்றால், டெய்லர் அளந்த அந்தப் பத்தில் ஒரு பங்கைத் தாண்டி வந்ததுதான்.

நம் 12 மில்லிமீட்டர் கம்பிக்குத் திரும்பினால், ஈல்டை, அதாவது நிரந்தர நீட்சி தொடங்கும் தகைவை, தாண்டியபின் அது பத்து சதவீதம் சீராக நீளும்போது, வெப்பம் வெளியேறாவிட்டால் பதினான்கு டிகிரியளவு சூடாகும். பிறகு ஓரிடத்தில் இடுப்புச் சிறுத்துக் கழுத்து விழும். உருமாற்றம் எல்லாம் அங்கே குவிவதால் சூடும் அங்கேயே குவியும். டமார் என்று முறிந்தபின் மாணவர் கையைச் சுடுவது இந்தக் கழுத்துதான்.

இப்போது இரண்டையும் ஒரே வரைபடத்தில் பாருங்கள். இழுக்கத் தொடங்கியதும் வெப்பநிலை நேர்கோட்டில் இறங்குகிறது. எங்கோ ஓரிடத்தில் முதல் படிகங்கள் நழுவுகின்றன, சிறிது வெப்பம் பிறக்கிறது, கோடு வளையத் தொடங்குகிறது. பிறகு இறக்கம் நின்று ஏற்றமாகிறது. அந்தப் பள்ளத்தின் அடி, கம்பி நிரந்தரமாக மாறத் தொடங்கிவிட்டதற்கான அடையாளம். துல்லியமாகச் சொன்னால், முதல் நழுவலுக்குச் சற்றுப் பிந்திய அடையாளம். நழுவலின் சூடு மீட்சியின் குளிர்ச்சியை ஈடுசெய்யும் இடம் அது.

இது ஏன் முக்கியம்? மென் எஃகில் ஈல்டு பளிச்சென்று தெரியும். விசைமுள் தயங்கி நிற்கும். பல உயர்வலு எஃகுகளிலும் அலுமினியத்திலும் அப்படித் தெரியாது. தகைவு திரிபு வரைகோடு மெல்ல வளைந்துகொண்டே போகும். அங்கே பொறியாளர்கள் 0.2 சதவீதம் நிரந்தர நீட்சி ஏற்படும் தகைவை ஈல்டாக வைத்துக்கொள்கிறார்கள். ஐ.எஸ். 1786உம் அதையே செய்கிறது. பயனுள்ள ஏற்பாடு, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆயினும் 0.2 என்பது மனிதர்கள் கூடி வைத்த எண். வெப்பநிலைப் பள்ளத்தை உலோகமே காட்டுகிறது. மீளும் மாற்றத்தையும் மீளா மாற்றத்தையும் வெறும் நீளத்தை அளந்து பிரிக்க, எடையை இறக்கிப் பார்க்க வேண்டும். வெப்பநிலையோ இழுத்துக்கொண்டிருக்கும்போதே, தன் குறியாலேயே, கழித்தலாலும் கூட்டலாலும், பிரித்துச் சொல்லிவிடுகிறது.

இந்தச் செய்தியைத் தமிழ்நாட்டில் பொறுப்போடு கையிலெடுத்த இடம் சென்னைக்குத் தெற்கே கல்பாக்கம். அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் பல்தேவ் ராஜ், பி. வெங்கட்ராமன் முதலியோர், இழுபடும் 316 வகைத் துருப்பிடிக்கா எஃகை அகச்சிவப்புக் கேமராவால் பார்த்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். வேக ஈனுலையில் திரவ சோடியத்தைத் தாங்கும் பாகங்கள் இந்தக் குடும்பத்து எஃகால் ஆனவை. அப்படிப்பட்ட பாகத்தை முறித்துப் பார்க்க முடியாது. தொடாமல், கீறாமல், வெட்டாமல் அதன் உள்நிலையை அறிய வேண்டிய கட்டாயம்தான் அந்த மையத்தைச் சிதைவிலாச் சோதனையில் நாட்டின் முன்னணிக்குக் கொண்டுவந்தது. கேமராவில் தெரிவது இதுதான்: முதலில் துண்டு முழுவதும் மங்கும். பிறகு வெளிச்சமாகும். கடைசியில் ஓரிடத்தில் மட்டும் ஒரு பொட்டு பிரகாசமாகி, துண்டு முறியப்போகும் இடத்தைக் காட்டும். மென் எஃகில் இன்னும் அழகான காட்சி ஒன்று உண்டு. ஈல்டு எல்லா இடத்திலும் ஒரேசமயம் வருவதில்லை, ஒரு முனையில் தொடங்கிச் சாய்ந்த பட்டையாகக் கம்பி நெடுக நகர்ந்து போகும். அகச்சிவப்பில் அந்தப் பட்டை ஒளிரும் கோடாக ஊர்ந்து செல்வதைக் காணலாம்.

குளிர்ச்சிக்கும் ஒரு தொழில் இருக்கிறது. ஓர் இயந்திரப் பாகத்தை விநாடிக்குப் பல முறை இழுத்து விட்டு இழுத்து விட்டு, அதன் மேற்பரப்பு ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு குளிர்ந்து எவ்வளவு மீள்கிறது என்று கேமராவில் பதிந்து சராசரி எடுத்தால், எங்கே தகைவு குவிகிறது என்ற வரைபடம் கிடைக்கும். இது தருவது மேற்பரப்பின் இரண்டு முதன்மைத் தகைவுகளின் கூட்டுத்தொகை. ஒளியின் வழியே தகைவைக் காணும் ஒளிமீட்சி முறை தருவது அவற்றின் வித்தியாசம். இரண்டும் சேர்ந்தால் ஒவ்வொன்றையும் தனியே பிரித்துவிடலாம். அடையாற்றில் 1959இல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் கே. ரமேஷ், இந்த இரண்டாவது முறையில் பெயர்பெற்றவர். சோதனைவழித் தகைவுப் பகுப்பாய்வு பற்றிய அவருடைய என்.பி.டி.இ.எல். வகுப்புகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் கட்டணமில்லாமல் கேட்கலாம். இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போக விரும்பும் மாணவர்களுக்கு அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு சுற்றிலும் குளிர்ச்சியும் மீட்பும் சரிக்குச் சரியாக இருந்தால் பாகம் நலம். சுற்றுக்குச் சுற்று சிறிது சூடு மிஞ்சினால், எங்கோ மீளா நழுவல் நடக்கிறது, களைப்பு சேர்கிறது என்று பொருள். பாகத்தின்மேல் தண்ணீரை ஓடவிட்டு, அந்த மிஞ்சிய சூட்டைக் கொண்டு எஃகின் களைப்பு எல்லையைக் காண ஸ்ட்ரோமேயர் 1914லேயே முயன்றார். முறியும்வரை பல லட்சம் சுற்றுகள் காத்திருக்காமல் அதைக் கண்டுகொள்ளும் வழி அது. தரமணியில் இருக்கும் சி.எஸ்.ஐ.ஆர். கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் பாலங்களின், கோபுரங்களின் களைப்பை ஆராய்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி அன்றாடக் கேள்வி.

குளிர் மிகுந்த இடத்தில் கதை தீவிரமாகிறது. தனிச் சுழிக்கு அருகே உலோகங்களின் வெப்ப ஏற்புத்திறன் மிகச் சிறியதாகிவிடும். திரவ ஹீலியத்தின் 4 கெல்வினில் எஃகை இழுத்தால், சிறிய நழுவலின் சூடுகூட அந்த இடத்தை வெகுவாகச் சூடாக்கும், சூடான இடம் இளகும், இளகிய இடம் மேலும் நழுவும். வரைகோடு ரம்பப் பல்லாக ஆகிவிடும்.

நம் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கிண்டிப் பொறியியல் கல்லூரி முதல் புதிதாகத் திறந்த பாலிடெக்னிக் வரை யு.டி.எம். இல்லாத கல்லூரி அரிது. அதில் இழுக்கும் கம்பியின் வெப்பநிலையையும் அளந்து பாருங்கள். கே வகைத் தெர்மோகப்பிள் அரை டிகிரிக்கு 20 மைக்ரோவோல்ட்தான் தரும், அதைப் பெருக்க நல்ல சுற்று வேண்டும். அதைவிட எளிது தெர்மிஸ்டர் என்ற, வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் சிறு மணி. அறை வெப்பநிலையில் 10,000 ஓம் காட்டும் சாதாரண மணி ஒன்று, டிகிரிக்கு ஏறக்குறைய 4 சதவீதம் மாறும். அரை டிகிரிக்கு 200 ஓம். சாதாரண மல்டிமீட்டருக்கே தெரியும் மாற்றம் இது. மணியைக் கம்பியின் நடுவில் வெப்பப் பசை தடவி ஒட்டி, பஞ்சால் மூடுங்கள். அதே கம்பியில் வெட்டிய இன்னொரு துண்டில் இரண்டாவது மணியை ஒட்டி, இழுக்காமல் பக்கத்தில் வையுங்கள். அறையின் ஏற்ற இறக்கத்தை அது கழித்துக் கொடுக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். தாடையில் பிடித்த கம்பி அறையோடு சமனாகப் பத்து நிமிடமாவது காத்திருங்கள். பிறகு இழுத்து, விசையோடும் நீளத்தோடும் மூன்றாவதாக வெப்பநிலையையும் எழுதுங்கள். எப்படியும் முறிக்கப்போகிற கம்பி அது. முறிவதற்கு முன் அது தரும் இந்த எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள்.